கடைசி பைட்

ஜூலை 15, 2024, திங்கள்
தென்காசி

காலையில் எழுந்து பார்த்தால் லினக்ஸ் 6.10 வந்திருக்கிறது. இனி இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ. நெட்வொர்க் பக்கத்து மெயிண்டெய்னர்கள் புதுப் பேட்ச் எதையும் இப்போது வாங்க மாட்டார்கள். அனுப்ப வழியில்லாத நாட்கள் படிப்பதற்கு நல்ல நாட்கள். டிரைவர் கோப்புகளில் மாற்றாமல் மிச்சம் கிடக்கும் பழைய ஸ்ட்ர்-என்-காப்பி அழைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் மகன் வந்தான். இன்ஜினியரிங் கடைசி வருஷம். கர்னலில் பேர் வர வேண்டும் என்று ஆசை.

"இதுல என்ன அத்தை இருக்கு? பழைய பேரைத் தேடி புதுப் பேரை வச்சா முடிஞ்சுதுல்லா? ஒத்தைக் கமாண்டு."

"முடிஞ்சுரும்ல. அதுக்குப் பெறவு எந்த டிரைவர் செத்துக் கிடக்குன்னு யாரு பாக்கது?"

சிரித்தான். நம்பவில்லை என்று தெரிந்தது.

ஜூலை 16, செவ்வாய்

சாரல் விடாமல் இருக்கிறது. துணி எதுவும் காயவில்லை. அவனுக்காகப் பழைய கதையை ஒழுங்குபடுத்தி எழுதி வைக்கிறேன்.

சி மொழியில் ஒரு சரம் எங்கே முடிகிறது என்பதைச் சொல்வது அதன் கடைசியில் நிற்கும் பூஜ்ய பைட் மட்டும்தான். நீளம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. சரத்தை நகலெடுக்கும் ஸ்ட்ர்காப்பி அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கும்வரை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே போகும். போய்ச் சேரும் பஃபர் எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியாது, சொல்லவும் வழியில்லை. சாதாரண நிரல் இப்படி எல்லை தாண்டினால் அந்த நிரல் சாகும். டிரைவர் ஓடுவது கர்னலுக்குள். பக்கத்து நினைவகத்தில் அடுத்து எந்த வேலையைக் கூப்பிடுவது என்ற முகவரியே இருக்கலாம். அதன்மேல் எழுதுகிறவன் கையில் மொத்த இயந்திரமும் போய்விடும்.

ஸ்ட்ர்-என்-காப்பிக்கு அளவைச் சொல்லலாம் என்பதால் அது பாதுகாப்பானது என்று ஒரு தலைமுறையே நம்பியது. அது பிறந்தது வேறு வேலைக்கு. பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு 14 பைட் இடம். பெயர் சிறியதென்றால் மீதியைப் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும். சரியாக 14 வந்தால் முடிவுக்குப் பூஜ்யம் வேண்டியதில்லை, ஏனென்றால் படிப்பவனுக்கு 14 என்பது தெரியும். அந்த இடத்தில் அது குறையில்லாத வேலைக்காரன். பிற்பாடு அதை எல்லா இடத்துக்கும் கூட்டிப் போனவர்கள்தான் தப்புச் செய்தார்கள். இடம் நிறைந்துவிட்டால் பூஜ்யம் வைக்காமல் போய்விடும், அடுத்து படிக்க வருகிறவன் முடிவு தெரியாமல் பக்கத்து நினைவகத்துக்குள் நடப்பான்.

ஸ்ட்ர்-எல்-காப்பி ஓப்பன்பிஎஸ்டியிலிருந்து வந்தது. டாட் மில்லரும் தியோ டி ராட்டும் 1999-இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள். அது கடைசியில் பூஜ்யத்தைத் தவறாமல் வைக்கும். ஆனால் மூலச் சரத்தின் முழு நீளத்தைத் திருப்பிச் சொல்வது அதன் வழக்கம். அதற்காக மூலத்தைக் கடைசிவரை படித்தாக வேண்டும். மூலத்துக்கே முடிவு இல்லையென்றால்? எழுதும் பக்கம் பத்திரம், படிக்கும் பக்கம் திறந்த கதவு.

2015-இல் கிறிஸ் மெட்காஃப் கொடுத்த ஸ்ட்ர்-எஸ்-காப்பி லினக்ஸ் 4.3-இல் சேர்ந்தது. கொடுத்த அளவுக்கு மேல் படிக்காது, பூஜ்யம் வைக்கும், எத்தனை பைட் நகலெடுத்தது என்று சொல்லும், இடம் போதாவிட்டால் எதிர்ம எண்ணைத் திருப்பும். லினஸ் டோர்வால்ட்ஸ் அதைச் சேர்த்தபோதே ஒன்றைச் சொல்லி வைத்தார்: இது வந்துவிட்டது என்று யாரும் பழையதை மொத்தமாக மாற்றிக்கொண்டு வராதீர்கள், அப்படி மாற்றும்போதுதான் யாராவது அசட்டுப் பிழை செய்து நன்றாக இருந்ததைக் கெடுக்கிறார்கள். ஒத்தைக் கமாண்டு மருமகனுக்கு இதை முதலில் படித்துக் காட்ட வேண்டும்.

அப்படியும் வேலை நடந்தது. கீஸ் குக் முன்னின்று நடத்தும் கர்னல் தற்காப்புத் திட்டத்தில் பலர் வருஷக்கணக்காக உட்கார்ந்து மாற்றினார்கள். இந்த மார்ச்சில் வந்த 6.8-இல் ஸ்ட்ர்-எல்-காப்பி கர்னலிலிருந்தே போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே ஸ்ட்ர்-எல்-காப்பியை இத்தனை வருஷம் வாசலில் நிறுத்தியிருந்த சி நூலகமான ஜிலிப்சி போன ஆகஸ்டில்தான் உள்ளே விட்டது.

ஜூலை 19, வெள்ளி

பகலிலிருந்து டிவியில் நீலத் திரைகள். உலகம் முழுக்க விண்டோஸ் இயந்திரங்கள் விழுந்து எழுந்து மறுபடி விழுகின்றன. ஹைதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் காலையில் அனுப்பிய ஒரு அப்டேட். கர்னலுக்குள் ஓடும் டிரைவர் என்பது மட்டும் இப்போதைக்குத் தெரிகிறது.

சாயங்காலம் பிரானூர் பார்டரில் புரோட்டா வாங்க நின்றபோது பக்கத்தில் ஒருவர், "வைரஸ் புகுந்துட்டாம்" என்றார். வைரஸைத் தடுக்க வைத்ததுதான் விழுந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பார்சல் வந்துவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

ஆடித்தபசு. வீட்டில் எல்லோரும் சங்கரன்கோவில் போய்விட்டார்கள். வீடு அமைதி.

வட்டுகளோடு பேசும் ஸ்கஸி டிரைவர்கள் பக்கம் படித்தேன். ஒரு வட்டிடம் "நீ யார்" என்று கேட்டால் அது தரும் பதிலில் தயாரிப்பாளர் பெயருக்கு 8 பைட், பொருளின் பெயருக்கு 16, பதிப்புக்கு 4. மீதி இடம் இடைவெளியால் நிரம்பியிருக்கும். பூஜ்யத்துக்கு இடமே கிடையாது. சாட்டா வட்டுகளுக்காக லினக்ஸ் அங்கே எழுதுவது ஆங்கிலத்தில் 'ஏடிஏ' என்ற மூன்று எழுத்தும் ஐந்து இடைவெளியும். இப்படிப்பட்ட இடத்தில் ஸ்ட்ர்-எஸ்-காப்பியைப் போட்டால் எட்டாவது பைட்டை அழித்துப் பூஜ்யம் வைக்கும். ஏழு எழுத்துக்குள் நிற்கும் பெயர் என்றால் யாருக்கும் தெரியாது. எட்டு எழுத்துப் பெயருக்குக் கடைசி எழுத்து போய்விடும், அந்தப் பெயரை வைத்து வட்டை அடையாளம் காணும் இன்னொரு நிரல் எங்கோ விழிக்கும். இங்கே வேண்டியது பூஜ்யத்தைப் பார்க்காமல் சொன்ன அளவை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி. சரமே இல்லாத ஒன்றைச் சரம் போல நடத்துவதுதான் கோளாறு. எந்தச் சரக் கருவியாலும் அதற்கு மருந்து கிடையாது.

ஜூலை 25, வியாழன்

கிரவுட்ஸ்ட்ரைக் முதல் அறிக்கை விட்டிருக்கிறது. நினைவகத்தின் எல்லைக்கு வெளியே படித்ததால் விழுந்ததாம். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி விழுந்தவை 85 லட்சம் இயந்திரங்கள்.

"எழுதலையே அத்தை, படிக்கத்தானே செஞ்சுது?" என்றான்.

அதைத்தான் அவனுக்குப் பதிய வைக்கப் பார்க்கிறேன். பஃபர் நிரம்பி வழிவதை மட்டும் எல்லோரும் பாடமாகப் படிக்கிறார்கள். ஸ்ட்ர்-எல்-காப்பி கர்னலைவிட்டுப் போனதற்குக் காரணம் எழுதியதில் இல்லை, படித்ததில் இருக்கிறது.

அவன் எழுதிய மாற்றத்தைப் பார்த்தேன். ஸ்ட்ர்-எஸ்-காப்பி திருப்பித் தரும் எண்ணைக் குறியில்லா எண் வகை மாறியில் பிடித்து, அது பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று சோதித்திருக்கிறான். குறியில்லா எண் ஒருநாளும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. இடம் போதாதபோது வருவது -7. அது அந்த மாறியில் விழுந்ததும் மலையளவு எண்ணாகி, 'நன்றாக நகலெடுத்தாயிற்று' என்று அர்த்தம் கொடுக்கும். கம்பைலர் அவனை ஒன்றும் சொல்லவில்லை. எச்சரிக்கையைக் கூட்டி வைத்து ஓட்டச் சொன்னேன், சொன்னது.

ஜூலை 29, திங்கள்

6.11-இன் முதல் ஆர்சி வந்தாயிற்று, மெர்ஜ் விண்டோ முடிந்தது. பேட்ச்களுக்குக் கதவு திறக்கும்.

நேற்று குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. ஐந்தருவிப் பக்கம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருந்தார்கள். மங்குஸ்தான் விலை கேட்டுவிட்டு ரம்புட்டான் வாங்கினோம். அங்கே ஒரு கடையில் வைஃபைக்குத் தமிழில் பெயர் வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு வேலை வந்துவிட்டது.

வைஃபை பெயருக்குத் தரநிலை கொடுத்திருக்கும் இடம் 32 பைட். அது எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும், புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள். 'குற்றாலம்' 9 குறி, 27 பைட், உள்ளே போகும். 'திருக்குற்றாலம்' 15 குறி, 45 பைட், போகாது. ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு 32 என்பது தாராளம். நமக்குப் பத்துக் குறிதான்.

வீட்டுக்கு வந்து 32 பைட் பஃபர் ஒன்று வைத்து, கர்னலுக்கு வெளியே ஒரு சின்னச் சோதனை நிரலில் ஸ்ட்ர்-எஸ்-காப்பியின் விதிப்படி 'திருக்குற்றாலம்' என்பதை நகலெடுத்துப் பார்த்தோம். கடைசி இடம் பூஜ்யத்துக்குப் போக 31 மிச்சம். பத்துக் குறி முழுதாக ஏறியது, அடுத்த 'றா'வின் முதல் பைட் மட்டும் தொற்றிக்கொண்டு நின்றது. திரையில் 'திருக்குற்', அதன் பக்கத்தில் கறுப்புக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி.

"ஃபங்ஷன்ல பக் இருக்கு" என்றான் சந்தோஷமாக.

ஃபங்ஷன் சொன்ன வேலையைச் செய்திருக்கிறது. பக்கத்து நினைவகத்தைத் தொடவில்லை, முடிவுக்குப் பூஜ்யம் வைத்தது, இடம் போதவில்லை என்று -7 கொடுத்தது. அந்த -7-ஐ யாராவது வாங்கிப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. டிரைவர்களில் நான் படித்த அழைப்புகளில் பெரும்பாலானவை அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முன்பதிவு டிக்கெட்டில் அப்பாவின் பெயர் பாதியில் நிற்பது போலத்தான்: ரயில் ஓடும், சார்ட்டில் ஏறிய ஆள் யார் என்பதுதான் சந்தேகம். இரண்டு கருவிகளின் பெயர் முதல் 31 பைட்டில் ஒன்றாக இருந்து, அந்தப் பெயரை வைத்து எதையாவது தேடினால் என்ன ஆகும்? வெட்டுவது சரியா, மறுத்துவிடுவது சரியா என்பதை அழைக்கிறவன்தான் தீர்மானிக்க வேண்டும். பாதுகாப்பான ஃபங்ஷன் அந்தத் தீர்மானத்தை அவனுக்காக எடுக்காது.

இன்று ராத்திரி என் பேட்ச்களை அனுப்பினேன். ஹார்ட்வேர் கையில் இல்லாதவற்றில் 'கம்பைல் மட்டும் செய்து பார்த்தது' என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அண்ணன் விடிவதற்கு முன்பே தர்ப்பணத்துக்குக் குற்றாலம் போய்விட்டான். அண்ணி சமையலில். நான் மெயிலில்.

ஒரு மெயிண்டெய்னர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். ஸ்ட்ர்-என்-காப்பி மீதி இடத்தையெல்லாம் பூஜ்யத்தால் நிரப்பி வந்தது, ஸ்ட்ர்-எஸ்-காப்பி நிரப்பாது. அந்த ஸ்ட்ரக்சர் அப்படியே பயனர் பக்கம் போகிறதா? போனால், பெயருக்குப் பின்னால் கிடக்கும் கர்னலின் பழைய நினைவகமும் கூடவே போகுமே? இதற்காகவே 2019-இல் ஸ்ட்ர்-எஸ்-காப்பி-பேட் என்ற நிரப்பும் வகை வந்தது. நான் பார்த்த இடத்தில் ஸ்ட்ரக்சரை உருவாக்கும்போதே பூஜ்யமாக்கிவிடுகிறார்கள், அதனால் வேண்டியதில்லை. அதை பேட்ச் விளக்கத்திலேயே எழுதச் சொல்கிறார். நியாயம். அடுத்த ஆள் மறுபடி தேடாமல் இருக்கட்டும். மாற்றம் ஒரு வரி, விளக்கம் இரண்டு பத்தி. இந்த வேலையில் அந்த விகிதம்தான் சரி.

இன்னொருவர் திருப்பி அனுப்பிவிட்டார். அங்கே பெயர் சாதனத்தின் ஃபர்ம்வேருக்குப் போகிறது, நிலையான அகலம், பூஜ்யம் தேவையில்லை என்கிறார். அவர் சொல்வது சரியென்றால் அங்கே சரத்தைப் பூஜ்யமில்லாமல் நிலையான இடத்தில் வைக்கும் ஸ்ட்ர்-டு-மெம் வேண்டும். ஃபர்ம்வேர் கட்டமைப்பைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 7, புதன்

கிரவுட்ஸ்ட்ரைக்கின் முழு அறிக்கை. ஒரு பக்கம் 21 புலங்களை எதிர்பார்த்தது, மறு பக்கம் 20-தான் கொடுத்தது. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப் போய் விழுந்தது. அச்செடுத்து அவன் மேஜையில் வைத்தேன்.

அவன் இப்போது ஸ்ட்ர்-எஸ்-காப்பியின் அளவையே கேட்காத புது வடிவத்தைப் பயன்படுத்துகிறான். 6.9-இலிருந்து இருக்கிறது. போய்ச் சேரும் இடம் அரே என்றால் அளவை அதுவே எடுத்துக்கொள்ளும், பாயிண்டர் கொடுத்தால் கம்பைல் ஆகாது. பாயிண்டருக்கு சைஸ்ஆஃப் போட்டு 8 என்று வாங்கிக்கொண்டு எழுத்தெல்லாம் எங்கே போச்சு என்று தேடுகிறவர்களுக்கு இது வரம். அவனுடைய கோப்பில் கம்பைல் ஆகாமல் ஓரிடம் நின்றிருக்கிறது.

"அத்தை, இங்க பாயிண்டர் வருது. யாரு கூப்பிடுதான்னு பாக்கணும்லா?"

"பாரு."

கூப்பிடுகிற இடங்களைத் தேடிக்கொண்டிருக்கிறான். மூன்று கோப்புகளில் இருக்கிறது, ஒன்றில் அளவு வேறு. சாப்பிட வரச் சொல்லி அண்ணி இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று.