கடல் தாண்டாத சட்டம்

இந்திய டிரஸ்ட் சட்டம் 1882-ம் வருடத்தது. தனியார் டிரஸ்டுகளுக்கு அதுதான் ஆதாரம். ஆனால் அதன் முதல் பிரிவிலேயே ஒரு விலக்கு: அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு இது பொருந்தாது, மத்திய அரசு அரசிதழில் அறிவித்து அங்கே நீட்டிக்கலாம். விலக்கில் உடன் இருந்த ஜம்மு காஷ்மீரின் பெயர் 2019-ம் வருட மாற்றங்களில் போய்விட்டது. தீவுகளின் பெயர் நிற்கிறது.

2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில், அபர்டீன் பஜாரில் கடை வைத்திருக்கும் ஒரு தமிழ்த் தகப்பனை நினைத்துப் பாருங்கள். அவருக்கு எழுபது வயது. மனவளர்ச்சி குன்றிய மகளுக்கு முப்பது. தனக்குப் பிறகு அவளுக்கு யார் சோறு போடுவார்கள்? பணத்தை மகன் பேரில் எழுதினால் அது மகனுடையதாகிவிடும். மகள் பேரில் எழுதினால் அவளால் நிர்வகிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே உள்ள வழிதான் டிரஸ்ட்: பணம் ஒருவர் பொறுப்பில், பலன் இன்னொருவருக்கு.

இதையே அவருடைய தம்பி சென்னையில் செய்தால், பத்திரத்தில் எழுத மறந்ததைச் சட்டம் நிரப்பும். டிரஸ்டி கணக்கு வைக்க வேண்டும், சொந்த லாபம் பார்க்கக் கூடாது, அவர் இறந்தால் இன்னொருவரை நியமிக்க வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. தீவில் இருப்பவர் அதை நம்பி இருக்க முடியாது. அதற்காக அங்கே டிரஸ்டே செல்லாது என்றில்லை. இந்தச் சட்டம் வருமுன்பே நீதிமன்றங்கள் நியாயம், நேர்மை, மனசாட்சி என்ற அளவுகோலில் வழக்குகளைத் தீர்த்துவந்தன. ஆனால் அந்த மகள் கோர்ட் படி ஏறுவாளா? ஆகவே பத்திரமே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

(கோயிலுக்கும் பொது தர்மத்துக்கும் எழுதுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 1882 சட்டம் அவற்றை எந்த மாநிலத்திலும் தொடுவதில்லை.)

நிலம் இன்னொரு சிக்கல். 1966-ம் வருட ஒழுங்குமுறைப்படி தீவுகளின் நிலம் அரசுக்கே உரியது. மக்களுக்கு இருப்பது அனுபவ உரிமை. அதில் எதை டிரஸ்டுக்கு மாற்றலாம் என்று வருவாய்த் துறையிடம் கேட்காமல் எழுதக் கூடாது. வங்கி டெபாசிட் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

டிரஸ்ட் பணத்தைத்தான் காக்கும். ஆளைக் காக்க, 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட நிர்வாகத் தலைவர் இடம்பெறும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. இந்தச் சட்டம் கடல் தாண்டியும் செல்லும். இரண்டு வேலையையும் தகப்பன் தன் கண் எதிரிலேயே முடித்துவிடுவது உத்தமம்.