இரு கூடுகளும் ஒரு கிணறும்

யூரியா போட்டு விளைவித்த பெருங்காயைவிட மாட்டெருவில் விளைந்த சிறுகாயே உடம்புக்கு நல்லது என்னும் நம்பிக்கை அல்லைப்பிட்டி ஆச்சிமாரிடம் இன்றும் உண்டு. பனையோலை புதைத்தும், பூவரசங்குழை தாழ்த்தும், தோட்டத்தில் ஆடுமாடுகளைப் பட்டி அடைத்தும் மண்ணை வளப்படுத்திய தலைமுறையின் நம்பிக்கை அது. அதனைப் பழமைப்பற்று என்று ஒதுக்குவோரும், பழுதற்ற உண்மை என்று போற்றுவோரும் விஞ்ஞானத்தையே சான்றுக்கு அழைக்கின்றனர். அச்சான்று உண்மையில் என்ன சொல்கின்றது?

இக்கேள்வியை ஆய்வுகூடத்துக்கு முதலில் கொண்டு சென்றோருள் இருவர் தமிழ்நிலத்தில் பணியாற்றியவர்கள். குன்னூரில் போசணை ஆய்வு நடத்திய றொபேட் மக்கரிசனும், கோயம்புத்தூர் வேளாண்மை இரசாயனவியலாளர் விசுவநாத்தும் 1926இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாட்டெருவிலும் இரசாயனப் பசளையிலும் விளைந்த தானியங்களை விலங்குகளுக்கு ஊட்டி ஒப்பிட்டபோது, எருவில் விளைந்தவையே போசணையிலும் உயிர்ச்சத்திலும் மேம்பட்டவை என்று அவர்கள் கண்டனர். ஆயினும் பின்வந்த ஆய்வுகள் யாவும் இம்முடிவை உறுதிசெய்யவில்லை. மக்கரிசனின் வேறு பரிசோதனைகள் இன்னுமொன்றை உணர்த்தின. முழுக்கோதுமை, பால், பருப்பு, மரக்கறி கலந்த வடஇந்திய உணவை உண்ட எலிகள் செழித்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை நலிந்தன. எந்தப் பசளையில் விளைந்தது என்பதைக் காட்டிலும், தட்டில் என்னென்ன சேர்ந்திருந்தன என்பதே அங்கு பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது.

ஒல்லாந்தில் நிகழ்ந்து 2010இல் வெளிவந்த கோழி ஆய்வு இவ்விடயத்தை மேலும் நுட்பமாக்கியது. இரு தலைமுறைக் கோழிகளுள் ஒரு பகுதிக்குச் சேதன முறையில் விளைந்த தீனும், மறுபகுதிக்கு வழமையான முறையில் விளைந்த தீனும் இடப்பட்டன. வழமைத் தீன் உண்டவை நிறை கூடி வளர்ந்தன. பின்னர் அந்நியப் புரதமொன்றை ஊசிமூலம் ஏற்றி அவற்றின் எதிர்ப்பாற்றலைச் சோதித்தபோது, சேதனத் தீன் உண்டவையே இழந்த வளர்ச்சியை விரைவாக மீட்டன. எது சுகமான கோழி? கொழுத்ததா, தளர்ந்தபின் எழுந்ததா? ஆய்வாளர் ஒன்றைச் சுட்டித் தீர்ப்புக் கூறவில்லை. ஆரோக்கியம் எதுவென முதலில் வரையறுக்காமல், எந்த உணவு ஆரோக்கியமானது என்று அறுதியிட்டுரைக்க இயலாது என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

இங்கு மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இத்தகைய பரிசோதனைகளில் இரு கூடுகளிலும் தீன் நிறைந்திருக்கும்; ஒன்றைப் பட்டினி போட்டு ஒப்பிட்டால் ஒப்பீடே பொருளற்றதாகிவிடும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது, மக்களின் ஆரோக்கியத்தையே காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது. ஆனால் கூட்டை நிரப்பும் வழியை அது எண்ணிப் பார்க்கவில்லை. போதிய சேதனப் பசளை கைக்கெட்டுமுன் யூரியா மறைந்தது. நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. எருவுக்கு மாடு வேண்டும். மாட்டுக்கு மேய்ச்சல் நிலமும் காலமும் வேண்டும். 1990இலும் 2006இலும் ஊரைவிட்டுப் பெயர்ந்து, மீண்டுவந்து வெறுங்கையுடன் தோட்டம் திருத்திய அல்லைப்பிட்டிக் கமக்காரனுக்கு இதனை எவரும் விளக்கத் தேவையில்லை.

அவ்வாறாயின் ஆச்சியின் நம்பிக்கை பொய்யா? அன்று. 343 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த மதிப்பீடு, கிருமிநாசினி எச்சங்கள் வழமைப் பயிர்களில் நான்கு மடங்கு அடிக்கடி காணப்பட்டதாகக் கூறியது. அதனினும் அண்மையான சான்று தோட்டத்துக் கிணற்றிலேயே உண்டு. தீவகத்தின் நன்னீர், சுண்ணக்கல்லினுள் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பது. நிலத்தில் இட்டது நீரில் இறங்கும். அருகிலுள்ள குடாநாட்டில், செறிந்த பயிர்ச்செய்கை நிகழும் பகுதிகளின் பல கிணறுகளில், இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவன எல்லையை நைத்திரேற்று கடந்துள்ளது. கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குன்றச் செய்யவல்லது. அளவின்றிக் குவித்த எருவும் மலக்குழியும்கூட அதே நைத்திரேற்றையே தரும். ஆகவே குற்றம் யூரியாவின் பெயரில் மட்டும் இல்லை. அளவு மீறுவதிலும் இருக்கின்றது.

கூட்டுக் கோழி தன் தீனைத் தெரிந்தெடுப்பதில்லை, இட்டதை உண்கின்றது. கமக்காரனோ விளைவிப்பவன், உண்பவன், அக்கிணற்று நீரைத் தன் பிள்ளைக்கு வார்ப்பவன் எனும் மூன்று நிலைகளிலும் நிற்பவன். அவனுக்கு வேண்டியது தடைச்சட்டமும் அன்று, விளம்பரமும் அன்று. மண்ணையும் நீரையும் ஆண்டுதோறும் அளந்து, இவ்வளவு எரு, இவ்வளவு யூரியா, இதற்கு மேல் வேண்டாம் என்று அவனுக்கு விளங்கும் தமிழில் சொல்லும் அறிவே வேண்டும். அவ்வறிவைப் பண்ணைப்பாலம் கடந்து தீவகத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுசேர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடன்.