நெளிந்த இசைத்தட்டு

உங்கள் வீட்டில் பழைய இசைத்தட்டு ஏதேனும் இருக்கிறதா? இருந்தால் அதைக் கண்ணுக்கு நேராகப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். ஓரம் நேர்கோடாகத் தெரிகிறதா, அல்லது பொரித்த அப்பளம் போல் நெளிந்திருக்கிறதா? அப்படி ஒரு தட்டைப் பிடித்துப் பார்த்த நாளில் நான் செய்த தவற்றைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். ஈப்போவில் வீடு. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பா அங்கே கிராணி. தோட்டத்தில் பிறந்தவனுக்கு அமெரிக்க ஜாஸ் இசை எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்பீர்கள். கிராணி வீட்டு வானொலிப் பெட்டியிலிருந்துதான்! ‘அமெரிக்காவின் குரல்’ சிற்றலையில் வில்லிஸ் கோனோவர் என்பவர் 1955 முதல் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தி வந்தார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாகப் பேசுவார். டியூக் எல்லிங்டன் குழுவின் இசையோடு நிகழ்ச்சி தொடங்கும். நான் பெட்டியோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். “விடிந்தால் பெரட்டுக்குப் போகவேண்டும், மூடுடா அதை!” என்று அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

அந்த இசையைத் தட்டாக வாங்கும் வசதி அப்போது ஏது? வேலைக்குப் போன பிறகுதான் ஒன்றிரண்டு வாங்கினேன். இப்போது என்னிடம் இருப்பவை பெரும்பாலும் மறுபதிப்புகள். 1950களில் வெளிவந்த அசல் தட்டுகளை வாங்கப் போனால் ஒரு தட்டுக்கே ஓய்வூதியப் பணம் முழுவதும் போய்விடும். மறுபதிப்பில் அந்தக் கவலை இல்லை. 1982-இல் ‘ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்’ என்ற வரிசை வந்தது. 2019 முதல் புளூ நோட் நிறுவனம் ‘டோன் பொயட்’ என்ற வரிசையை, பழைய மூல நாடாக்களிலிருந்தே புதிதாக வெட்டி வெளியிட்டு வருகிறது.

அந்த மூல நாடாக்கள் பலவற்றைப் பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர். மற்ற நேரத்தில் ஒலிப்பதிவாளர். நியூ ஜெர்சி மாநிலத்தில் தம் பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே பதிவுக்கூடமாக்கி, 1959 வரை அங்கேதான் பதிவு செய்தார். ஆலிஸ் கோல்ட்ரேன் என்ற அம்மையார் 1971-இல் ஒரு தட்டு வெளியிட்டார். சுவாமி சச்சிதானந்தரின் பெயரைத் தாங்கிய தட்டு அது. அந்தச் சுவாமிகள் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த தமிழர்! தட்டைப் போட்டதும் தம்பூராவின் ரீங்காரம் எழும். அதன் மேல் அம்மையாரின் ஹார்ப் நரம்புகள் அருவி போல் விழும். கோவிலில் கேட்ட நாதமா, அமெரிக்காவில் பிறந்த இசையா என்று நமக்கே மயக்கமாக இருக்கும்.

சரி, கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு என் மகனும் மருமகளும் கோலாலம்பூரிலிருந்து வந்தார்கள். மகன் எனக்காக ஒரு மறுபதிப்புத் தட்டு வாங்கி வந்திருந்தான். நான் வெகு நாளாகத் தேடிக்கொண்டிருந்த தட்டு அது. எந்தத் தட்டு, எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்துத் தட்டைச் சுழல்மேடையில் வைத்தேன். அது தாம்பாளம் போல் குழிந்திருந்தது! ஊசிக்கை ஏறி ஏறி இறங்கியது. பியானோவின் நீண்ட சுரங்கள் அழுவது போல் இழுபட்டன.

“எங்கே நிறுத்தினீர்கள்?” என்று கேட்டேன்.

“பீடோரில் சாப்பிட நிறுத்தினோம் அப்பா.”

எனக்கு அது போதுமாயிருந்தது. “உச்சி வெயிலில் காருக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய்! ஒரு பொருளின் அருமை தெரியாதவன் அதை ஏன் வாங்க வேண்டும்?” என்று கத்திவிட்டேன்.

“இல்லை மாமா, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குள் போனோம். வழியெல்லாம் என் மடியில்தான் இருந்தது” என்றாள் மருமகள். நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மகன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் தங்குவதாக வந்தவர்கள் மறுநாள் காலை பசியாறிவிட்டுப் புறப்பட்டுப் போனார்கள். என் மனைவி அன்று முழுவதும் என்னுடன் பேசவில்லை.

தட்டை எப்படியாவது நிமிர்த்திவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்று வேறொரு பழைய தட்டை எடுத்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, முற்றத்து வெயிலில் காயவிட்டேன். தட்டு நிமிர்ந்தது, பாட்டுப் போய்விட்டது! இரைச்சல்தான் மிச்சம். தட்டு வினைல் பிளாஸ்டிக்கால் ஆனது. ஏறக்குறைய 60 டிகிரி வெப்பத்தில் இளகத் தொடங்கிவிடும். கண்ணாடிக்குள் நம் ஊர் வெயில் அந்த அளவை எட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? தட்டின் வரிகள் தலைமயிரை விடவும் நுண்மையானவை. இளகினால் அவைதான் முதலில் கெடும். ஆகவே வெயில், கேக் சுடும் அடுப்பு, முடி உலர்த்தும் கருவி என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பிறகு பொறுமையான வழிக்கு வந்தேன். கடையில் 13 அங்குலச் சதுரமாக இரண்டு கனத்த கண்ணாடிகள் வெட்டி வாங்கினேன். தூசு இல்லாமல் துடைத்து, நடுவே தட்டை வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டு, பலகையின் மேல் என் தாயார் தோட்டத்து வீட்டில் அரைத்த அம்மிக்கல்லை ஏற்றினேன். பெரும்பாலான நீண்ட நேரத் தட்டுகளில் ஓரமும் நடுச்சீட்டும் சற்று மேடாக இருக்கும். ஆகையால் வரிகளின் மேல் கண்ணாடி அழுந்துவதில்லை. வெயில் படாத அறையில் மூன்று வாரம் விட்டுவைத்தேன். முழுவதும் நிமிரவில்லை, பாதிக் குழிவு போயிற்று. ஊசி தாவாமல் ஓடியது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஒவ்வொரு சுற்றிலும் ஊசிக்கை மெல்ல மூச்சு விடுவது போல் எழுந்து தாழும். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் கோலாலம்பூரில் ஒரு கல்யாணம். அந்தத் தட்டையும் எடுத்துக்கொண்டு, மகன் வாங்கிய கடையைத் தேடிப் போனேன். உள்ளே நல்ல குளுகுளு வசதி. கடைக்காரர் ஒரு சீன இளைஞர். நான் வாயைத் திறக்குமுன்னே தட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “அங்கிள், அந்தப் பெட்டி முழுவதும் இப்படித்தான் வந்தது!” என்று, உறை பிரிக்காத இன்னும் மூன்றை எடுத்து என் எதிரிலேயே பிரித்துக் காட்டினார். மூன்றும் தாம்பாளம்!

அவர்தான் விளக்கமும் சொன்னார். சூடான வினைல் உருண்டையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே நீராவி வெப்பத்தில் அழுத்தி, உடனே தண்ணீரால் ஆற்றி எடுப்பார்களாம். ஆறுமுன்பே அவசரப்பட்டு எடுத்து உறையில் போட்டு அடுக்கினால் தட்டு குழிந்துவிடும். மேலே சுற்றும் பிளாஸ்டிக் உறை இறுகினாலும் கோணல் விழும். அதனால் வாங்கியதும் அந்த மேலுறையைக் கிழித்துவிட்டுத் தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி வைப்பது நல்லது.

எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. ஆறுமுன்னே அவசரப்பட்டது தொழிற்சாலை மட்டுந்தானா?

அன்று மாலை மகன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் மருமகள். “உன் மடியில் இருந்தது என்று நீ சொன்னாய். நான்தான் கேட்கவில்லை அம்மா. தப்பு என்னுடையது” என்றேன். அதற்குள் மகன் பின்னால் வந்து நின்றான். “விடுங்கப்பா” என்றான். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளின் தவறுகளைச் சிவப்பு மையில் திருத்தியவன், தன் தவற்றை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு திணறினான் தெரியுமா!

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தத் தட்டு இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. மகன் வரும்போதெல்லாம் அதைத்தான் போடச் சொல்கிறான். ஊசிக்கை எழுந்து தாழ்வதை மூவரும் பார்த்துக்கொண்டே கேட்கிறோம்.

அன்பர்களே, தட்டு நெளிந்திருந்தால் கண்ணாடியும் அம்மிக்கல்லும் மூன்று வாரப் பொறுமையும் போதும். பெற்ற பிள்ளை ஒன்று சொல்ல வரும்போது, முழுவதும் கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.