நாலாவது வாய்

இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்து மூன்று மாதமாகிறது. 'சிலீவ்' முறை. இரைப்பையின் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிடுவார்கள். அனுமதி கிடைத்தால் ஒன்ராறியோவில் ஓஹிப் செலவைப் பார்த்துக்கொள்ளும். வாயை நாங்கள்தான் பார்க்கவேணும்.

முதலில் தண்ணியாக, பிறகு மசித்து, அதற்குப் பிறகுதான் மெத்தென்ற சாப்பாடு. சாப்பிடேக்கை தண்ணி குடிக்கக்கூடாது, முடித்தும் அரை மணித்தியாலம் பொறுக்கவேணும். மீன், முட்டை, பருப்பு முதலில். சோறு கடைசியில், இடமிருந்தால். விற்றமின் குளிசை ஆயுளுக்கும்.

எல்லாம் பழகிவிட்டது, கோப்பையில் மிச்சம் விடுவதைத் தவிர.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, தென்மராட்சிப் பள்ளிக்கூடமொன்றில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது எனக்கு 12 வயது. அம்மா தன் பங்கையும் எனக்கே ஊற்றினா. அதற்குப் பிறகு ஒரு பருக்கையும் நான் எறிந்ததில்லை. மோர்னிங்சைட்டுக்கு வந்தும் பிள்ளைகள் விட்ட மிச்சத்தை நானே வழித்துச் சாப்பிட்டேன். உடம்பு ஏறினதில் அதற்கும் பங்குண்டு.

போன கிழமை மூன்று வாயோடு வயிறு நிரம்பிவிட்டது. மிச்சம் கிடக்கிறதே என்று நாலாவதையும் வைத்தேன். நெஞ்சுக்குள் கல்லாக நின்றது. ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன்.

திரும்பி வர, அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு நின்றா.

"விடு ராசா. நாளைக்கும் சோறு இருக்கு."