சாரதியின் நித்திரை

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொழும்புக்கு வருகிறார்கள் என்றால், அவர்களுக்கு முன்னால் வந்து சேர்வது அவர்களுடைய பட்டியல்தான். விடியப்புறம் விமானம் இறங்கும். கட்டுநாயக்கவில் வேன் நிற்க வேண்டும். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், கங்காராம விகாரை, நூதனசாலை, பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை, பிறகு இரவோடிரவாக யாழ்ப்பாணம். நாள் வாடகைக்கு எடுத்த வாகனம் சும்மா நிற்கலாமா என்று கேட்பார்கள். காசு கொடுப்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் சாரதி எப்போது படுப்பார் என்று ஒரு வரியும் இருக்காது.

விடிய நாலு மணிக்கு இறங்கும் பயணிக்காக அவர் இரண்டு மணிக்கே வீட்டிலிருந்து புறப்பட்டிருப்பார். விமானம் பிந்தினால் திரும்பிப் போய்ப் படுக்கவா முடியும்? பெயர் எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். நீங்கள் விமானத்தில் காலை மடக்கியாவது கண்ணயர்ந்திருப்பீர்கள். அவருக்கு அதுவும் இல்லை.

முன்பு விமான நிலையத்திலிருந்து சீதுவை, ஜா-எல, வத்தளை என்று ஊர்ந்து வர வேண்டும். 2013இல் அதிவேகப் பாதை திறந்த பிறகு அரை மணித்தியாலத்தில் பேலியகொடைக்கு வந்துவிடலாம். நல்ல பாதைதான். ஆனால் பழைய வீதியில் பஸ்காரனின் ஹோர்னே யாரையும் தூங்க விடாது. இங்கே நேரான தார், குளிர்காற்று, பின்னால் குறட்டை விடும் பயணிகள். நித்திரை கெட்டவனுக்கு இதைவிடப் பொல்லாத இடம் இல்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு அப்படி வந்திறங்கிய பிள்ளைகளின் சாரதிக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "தம்பி, கடைசியாக எப்போது படுத்தீர்கள்?" என்று கேட்டேன். சிரித்தார், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார், "பிரச்சினையில்லை ஐயா" என்றார். கூலிக்கு வந்தவர் களைப்பாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வார்? சொன்னால் அடுத்த ஹயர் வேறொருவருக்குப் போய்விடும். "இன்றைய காசில் ஒரு சதமும் குறையாது, பின்னேரம் மட்டும் படுங்கள்" என்ற பிறகுதான் உண்மை வந்தது. முதல் நாளும் இரவு ஓட்டமாம். முன்னறையில் விசிறியைப் போட்டுவிட்டேன்.

பிள்ளைகளுக்கு முகம் கோணியது. வாருங்கள் என்று நடக்கக் கூட்டிப்போனேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் சைவர்களும் பௌத்தர்களும் வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். பக்கத்திலேயே பொன்னம்பலவாணேசர் ஆலயம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பியது. அங்கே வெயிலுக்கு ஒதுங்கித் தூணோடு சாய்ந்து உட்காரலாம். வேனுக்குள் இருப்பவர்களுக்கு அந்தக் கல்லின் குளிர்ச்சி தெரியவா போகிறது? துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் கண்ணில் பட்டதும் கதை அங்கே போயிற்று. ஒரு காலத்தில் பெரிய கப்பல்கள் காலிக்குத்தான் போயின. கொழும்பில் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மறைப்பு இல்லை. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டி, பத்து வருடம் கடலுக்குள் கல் இறக்கினார்கள். அதன்பின்தான் கொழும்பு பெரிய துறைமுகமானது. இதைக் கேட்டுக்கொண்டு நடந்த பிள்ளைகள் நூதனசாலையைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. யாழ்ப்பாணத்துக்கு மறுநாள் விடியப் புறப்பட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய சுற்றுலா ஹோட்டல்கள் பலவற்றில் சாரதிகளுக்கென்று தனி அறையும் சாப்பாடும் உண்டு. சிறிய விடுதிகளில் அது இருக்காது. மனிதர் வேன் இருக்கையைச் சாய்த்து, நுளம்புக்கடியோடு கிடப்பார். மறுநாள் மலைப்பாதையின் வளைவுகளில் உங்கள் குழந்தைகளைக் கொண்டுபோகப் போகிறவர் அவர்தான். வாடகையை நூறு தரம் பேரம் பேசுகிறவர்கள் இதை ஒரு தரமும் கேட்பதில்லை. கேட்காதது கஞ்சத்தனம் மட்டுமல்ல, புத்தியீனமும்கூட.

ஆகவே வாகனம் ஒழுங்கு செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: முதல் நாள் இரவு அவருக்கு ஓட்டம் உண்டா, வழியில் எங்கே படுப்பார், சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு. விமானம் நடுச்சாமத்தில் இறங்குகிறதென்றால் யாழ்ப்பாணத்துக்கு அன்றே புறப்படாதீர்கள்; அது 400 கிலோமீற்றர் வரும் ஓட்டம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் நீர்கொழும்பு இருக்கிறது. அங்கே உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று இரண்டு அறை எடுங்கள்.