எந்த ஆற்றுக்கு எந்தப் படகு?

கயாக் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது லங்காவியிலும் பங்கோரிலும் கடற்கரையில் வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் படகுதான். மேலே ஏறி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் துடுப்பு போட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். நானும் என் மகளும் நான்கு ஆண்டுகளாகப் பழகிவருவது வேறு வகை. கோலகுபு பாருவில், பிரேசர் மலைக்குப் போகும் சாலையை ஒட்டி, சிலாங்கூர் ஆறு பாறைகளுக்கிடையே வெள்ளையாக நுரைத்துக்கொண்டு இறங்குகிறது. அந்த ஜெராம்களில் ஓட்டும் படகு குட்டையானது. இடுப்புவரை அதற்குள் நுழைந்து, தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் மூடியை இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். கவிழ்ந்தால் தலை தண்ணீருக்குள் போய்விடும். துடுப்பைச் சுழற்றி, இடுப்பை வெட்டி மறுபடி எழுந்து வரலாம். முடியாவிட்டால் மூடியின் வாரைப் பிடித்து இழுத்துவிட்டு வெளியே நீந்தி வர வேண்டும்.

இதுவரை கழகத்துப் படகுகளையே ஓட்டிவந்தோம். மகள் இந்த ஆண்டு எஸ்பிஎம் எழுதி முடித்தாள். பரிசாகக் கைப்பேசி வேண்டாம், சொந்தமாக ஒரு படகு வேண்டும் என்றாள். புதிய படகு வாங்க நமக்கு வசதி போதாது. நான் மருத்துவமனையில் தாதி. கூடுதல் நேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் 3,000 வெள்ளி இருந்தது. அதற்குள் பழைய படகு ஒன்று வாங்கலாம். ஒன்றே ஒன்றுதான்.

விலைக்கு இரண்டு படகுகள் வந்தன. ஒன்று கிரீக் போட். எட்டரை அடி நீளம், முன்னும் பின்னும் பருத்த உடல், அடிப்பாகம் வாழைப்பழம்போல் இரு முனையிலும் மேலே வளைந்திருக்கும். அருவிபோல் விழும் இடத்தில் இறங்கினாலும் மூக்கு சட்டென்று மேலே வந்துவிடும். உள்ளே காற்று நிறைய இருப்பதால் தண்ணீர் அமுக்கினாலும் பந்துபோல் எழும்பும். மற்றது பிளே போட். ஆறடிதான் இருக்கும். நடுப்பகுதி மட்டும் பருத்து, இரு முனைகளும் தட்டையாக மெலிந்திருக்கும். ஓர் அலையின்மேல் நின்றுகொண்டு சுழலவும் குட்டிக்கரணம் போடவும் செய்யப்பட்டது.

மகளுடைய கண் சின்னதின்மேல். என் மனம் பெரியதின்மேல்.

எனக்குக் காரணம் இருந்தது. ஆற்றில் இறங்கும் பிள்ளையின் அம்மாவுக்குப் பெரிய படகைப் பார்த்தால் ஒரு நிம்மதி. அதோடு, தோள்பட்டை மூட்டு நழுவி வருகிறவர்களை வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன். கவிழப்போகும் படகை நிறுத்தக் கையைத் தலைக்குமேல் நீட்டித் துடுப்பை ஊன்றினால் அதுதான் நடக்கும். சின்னப் படகு அடிக்கடி கவிழும். சிலாங்கூர் ஆற்றில் பல இடங்களில் ஆழம் குறைவு. கவிழ்ந்த தலைக்கும் பாறைக்கும் இடையே தலைக்கவசம் மட்டும்தான் இருக்கும். மகள் நீச்சல் குளத்தில் பத்து முறை கவிழ்ந்தால் ஏழு முறை எழுந்துவிடுவாள். ஓடும் ஆற்றில் அந்தக் கணக்கு குறையும்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மலாய்க்காரர். மகள் அவரை அபாங் என்பாள். வயதில் மூத்தவள் என்பதால் என்னை அவர் காக் என்பார். இரண்டு படகுகளின் படங்களையும் அவரிடம் காட்டினேன். படங்களைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "காக், முதல்ல அவ ஆத்துல என்ன செய்யிறான்னு பாருங்க. படகை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் படகில் ஏறவில்லை. கரைப் பாறையில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட வந்தவர்கள் ஒரு ஜெராமை ஒரே மூச்சில் இறங்கிக் கடந்தார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. ஆற்று நடுவே பெரிய பாறை இருந்தால் அதன் பின்னால் தண்ணீர் வேகம் இழந்து மேல்நோக்கித் திரும்பும். அந்தப் பாறை மறைவில் படகை நிறுத்தலாம். அவள் ஒவ்வொரு மறைவிலும் நுழைந்தாள். அங்கிருந்து ஓட்டத்தைக் குறுக்கே வெட்டி எதிர்க்கரை மறைவுக்குப் போனாள். மறுபடி வந்தாள். சின்ன அலை ஒன்று கிடைத்தால் மூக்கை மேல்நோக்கித் திருப்பி அதன்மேல் நின்றாள். எல்லாரும் கீழே போய்ச் சேர்ந்து தண்ணீர் குடிக்கும் நேரத்திலும் அவள் நூறு அடி தூரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆற்றின் மறுமுனை முக்கியமில்லை. ஒவ்வொரு கல்லும் தண்ணீரை எப்படித் திருப்புகிறது என்பதுதான் அவளுக்கு விளையாட்டு.

நான் அப்படியில்லை. தலை நனையாமல் கீழே போய்ச் சேர்ந்தால் எனக்கு அது நல்ல நாள். கிரீக் போட் எனக்குத்தான் பொருத்தம்.

எடையும் கணக்கில் வர வேண்டும். ஒவ்வொரு படகும் இத்தனை கிலோ முதல் இத்தனை கிலோவரை உள்ள ஆளுக்கு என்று அளவு வைத்துத்தான் செய்யப்படுகிறது. ஒரே படகே சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல அளவுகளில் வரும். விலைக்கு வந்த கிரீக் போட் பெரிய அளவு. மகள் 48 கிலோ. அந்தப் படகில் அவள் உட்கார்ந்தால் அது தண்ணீரில் பதியாமல் தக்கைபோல் மேலே மிதக்கும். பக்கங்கள் உயரமாக இருப்பதால் துடுப்பை எட்டிப் போட வேண்டியிருக்கும். முழங்காலும் தொடையும் உள்பக்கத் தாங்கிகளில் இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் இடுப்பைச் சாய்த்தாலும் படகு சாயாது. கவிழ்ந்தால் எழுவதும் கடினம். பெரிய படகு என்றால் பாதுகாப்பு என்பது அந்தப் படகுக்கு ஏற்ற எடை உள்ளவருக்கு மட்டும்தான்.

இன்னொன்றையும் யோசித்தேன். பருத்த படகு ஓட்டுபவரின் குறைகளை மன்னித்துவிடும். கோணல்மாணலாக இறங்கினாலும் கீழே கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் தன் திறமைக்கு மேற்பட்ட ஜெராமிலும் இறங்கத் துணிவு வந்துவிடும். சின்னப் படகோ எதையும் மன்னிக்காது. ஓட்டத்துக்குள் நுழையும்போது படகின் வயிற்றை ஓட்டத்துக்குக் காட்டிச் சாய வேண்டும். தப்பான பக்கம் சாய்ந்தால் மெல்லிய விளிம்பைத் தண்ணீர் பிடித்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் கவிழ்த்துவிடும். பாடம் சீக்கிரம் ஏறும், அடியும் சீக்கிரம் விழும். என் பயத்துக்காக ஒரு படகு, அவள் ஆசைக்காக ஒரு படகு என்று இரண்டு இருந்தன. அவள் இன்றைக்கு ஓட்டும் ஓட்டத்துக்குப் பொருந்துவது அந்த இரண்டில் இல்லை.

இருவரும் மாறி மாறி ஓட்டலாம் என்று பொதுவாக ஒன்று வாங்கவும் யோசித்தோம். நான் 67 கிலோ. இருக்கை, கால்தாங்கி, இடுப்புப் பஞ்சு எல்லாவற்றையும் வாரந்தோறும் கழற்றி மாட்ட வேண்டும். அப்படியும் இருவருக்கும் அரைகுறையாகத்தான் பொருந்தும். கயாக் என்ற சொல்லே வடதுருவப் பகுதியின் இனுவிட் மக்களுடையது. வேட்டைக்குப் போகிறவர் தம் கைகளை விரித்து, அந்த அளவை வைத்தே தம் படகின் நீளத்தை முடிவு செய்வாராம். மரச்சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி, சட்டை தைப்பதுபோல் ஆளுக்கு ஏற்றபடி செய்திருக்கிறார்கள். அடுத்தவர் சட்டையில் நீந்தலாம், ஆனால் சுகமாக இருக்காது.

ஆகவே காத்திருந்தோம். இரண்டு மாதம் கழித்து மூன்றாவதாக ஒன்று கிடைத்தது. ஹாஃப் ஸ்லைஸ் என்கிறார்கள். முன்பாதி பருத்து, அலைமேல் ஏறிப் போகும். பின்பாதி தட்டையாக மெலிந்து, விரும்பியபோது தண்ணீருக்குள் அமிழ்ந்து திரும்பும். ஒன்பதடிக்குக் கொஞ்சம் குறைவு, சிறிய அளவு, அவள் எடைக்கு நடுவில் வருகிறது. ஆற்றில் இறங்கவும் செய்யலாம், விளையாடவும் செய்யலாம். கவிழ்க்கும், ஆனால் சொல்லிவிட்டுக் கவிழ்க்கும் என்றார் அபாங்.

பழைய படகு வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. முதலில் திருப்பிப் போட்டு அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். கீறல் இருந்தால் பரவாயில்லை. இருக்கைக்குக் கீழே விரிசல் இருந்தால் வேண்டாம். நிறம் வெளுத்துப்போயிருந்தால் நம் ஊர் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் என்று பொருள். அது சீக்கிரம் வெடிக்கும். தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் 20 கிலோ அளவில் இருக்கும், அதைக் கரையிலிருந்து ஆற்றுக்கு நீங்கள்தான் சுமக்க வேண்டும். பிறகு உயிர்காப்பு உடையோடு உள்ளே ஏறி, தரையிலேயே இருபது நிமிடம் உட்காருங்கள். கால் மரத்துப்போனால் ஆற்றிலும் மரத்துப்போகும். கடைசியாக, வழக்கமாகப் போகும் ஆற்றில் ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எந்தப் படகாலும் காப்பாற்ற முடியாத நேரங்களும் உண்டு. மலையில் மழை பெய்து திடீரென்று இறங்கும் கெப்பாலா ஆயர் முன்னால் படகுக்குச் சின்னது பெரியது இல்லை. அணையில் தண்ணீர் திறக்கும் அளவைப் பொறுத்து சிலாங்கூர் ஆறே ஒருநாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி இருக்கும். தண்ணீர் நிறம் மாறி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் கரையேறிவிட வேண்டும். இதை மகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

படகு அவள் பெயருக்குத்தான். நான் இன்னும் கழகத்துப் படகில்தான் போகிறேன். மேற்படிப்புக்குச் சபாவில் இடம் கேட்டிருக்கிறாள். கிடைத்தால் படகும் கூடவே போகும். அங்கே கியூலு ஆறு சாந்தமானது. பாடாஸ் அப்படியல்ல, போபோர்ட்டிலிருந்து இரயிலில் போய் இறங்க வேண்டிய பள்ளத்தாக்கு, பெரிய ஆறு, பெரிய அலைகள். அவள் பெட்டி கட்டும் கற்பனையில் இருந்தபோது, பாடாஸைப் பற்றி மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"அதுக்கு இந்தப் படகு பத்தாதும்மா. அந்த அலையில வாலைப் பிடிச்சு இழுத்துரும். இன்னும் ரெண்டு வருசம் போகட்டும். அப்புறம் யார்கிட்டயாவது பெரிய படகு வாங்கிட்டுப் போறேன்" என்றாள்.

3,000 வெள்ளிக்கு நான் வாங்க நினைத்த நிம்மதி அந்தப் பதிலில் கிடைத்தது.