ஊர்ச்சாலை சேரும் இடம்

ஆகஸ்ட் 2, சனி

ஏரிக்கரைப் பக்கத்துக் காலி நிலத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்பது இனி வெறும் பேச்சில்லை. வேலி போட்டாகிவிட்டது, போர்வெல் வண்டியும் வந்து நிற்கிறது. இருநூறு வீட்டுக்குக் குறையாது என்கிறார்கள். தெருவில் எல்லாரும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு ரோட்டை நினைத்துத்தான் பயம். அந்த நிலத்துக்குப் போக எங்கள் ஊர்ச்சாலையை விட்டால் வேறு வழி கிடையாது. இரண்டு வேன் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். அது போய்ச் சேருவதோ சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மகளை முதல் ஷிப்டுக்கு பஸ் ஏற்றிவிட, ஊர்ச்சாலை நெடுஞ்சாலையில் சேரும் முனைக்குப் போனேன். சர்வீஸ் ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஷேர் ஆட்டோ. யூ டர்ன் தள்ளி இருப்பதால் ராங் சைடில் வரும் பைக்குகள். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர் ஒன்று திரும்பினால், அது திரும்பி முடிக்கும்வரை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தில் வீடு திரும்புகிற பிள்ளைகளும் அதே நேரத்தில் அதே இடத்தில்தான் ரோட்டைக் கடக்கிறார்கள்.

ஹூண்டாய்க்கு இங்கே அடிக்கல் போட்டது 1996இல். 1998இல் சாண்ட்ரோ கார் வெளியே வந்தது. அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். சிப்காட் தொழிற்பேட்டை உள்ளே போய்ப் பாருங்கள்: கனரக வண்டி தாராளமாகத் திரும்புகிற அளவுக்குச் சாலை போட்டிருக்கிறார்கள். வெளியே வந்து ஊருக்குள் திரும்பினால் மாட்டுவண்டிக் காலத்து அகலம். கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள், எந்த வழியாக வருவார்கள் என்பதையும் அப்போதே சேர்த்து யோசித்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

எதிர்வீட்டு ஐயா நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் எல்லா வண்டியையும் கார் அளவுக்கு மாற்றி எண்ணுகிறதாம். கார் 1, பைக் அரை, பஸ்ஸும் லாரியும் 3, டிரெய்லர் 4.5. சமவெளியில் 3.75 மீட்டர் அகலத்து ஒற்றைத் தடச் சாலை ஒரு நாளைக்கு 2,000 வரை தாங்கும். 5.5 மீட்டர் என்றால் 6,000. இரட்டைத் தடம் 15,000.

“இப்ப நீயே போட்டுப் பாரும்மா” என்றார். வீட்டுக்கு ஒரு கார், ஒரு பைக், ஒரு தடவை போய் வருவது என்று மட்டும் வைத்தேன். இருநூறு வீட்டுக்கு 600 வந்தது. ஸ்கூல் வேன், தண்ணி லாரி, கேஸ் வண்டி, பார்சல் பையன்கள் எதையும் சேர்க்கவில்லை. எங்கள் ஒற்றைத் தடச் சாலை தாங்கக்கூடியதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு கட்டடமே எடுத்துக்கொள்ளும். அதுவும் நாள் முழுக்கப் பரவி வராது, ஷிப்ட் நேரத்தில் மொத்தமாக வரும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். “வேண்டாம்னு சொல்லாதீங்கக்கா. தாம்பரத்துல இருந்து ஒரகடத்துக்கு தினம் பைக்ல வர்றேன். பக்கத்துல நியாயமான விலைக்கு வீடு கிடைச்சா நான்தான் முதல்ல வாங்குவேன்.”

அவன் சொல்வது சரி. வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் பெண் தொழிலாளர்களுக்குக் கட்டிய குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்தார். 18,720 பேர் தங்கலாம். அத்தனை பெண்களும் பூந்தமல்லியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் தினமும் பஸ்ஸில் வந்து போனால் இந்த நெடுஞ்சாலை என்ன ஆகும்? வேலைக்குப் பக்கத்தில் வீடு கட்டினால் போக்குவரத்து குறையத்தான் செய்யும். ஆகவே கட்டடமே வேண்டாம் என்று கையெழுத்து வாங்க வருகிறவர்களுக்கு நான் போடமாட்டேன். அந்த முனையைச் சரிசெய்துவிட்டுக் கட்டட்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

ஐயாவும் நானும் விதிகளைப் புரட்டினோம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால்தான் அது உயர்மாடிக் கட்டடம். அதற்கு அகலமான சாலை வேண்டும். அந்த உயரத்துக்குள் அடக்கிவிட்டால் குறைந்த அகலமே போதும். எப்படியானாலும் மனைக்கு முன்னால் உள்ள சாலையின் அகலத்தைத்தான் பார்க்கிறார்கள். அதில் ஏற்கெனவே எவ்வளவு வண்டி ஓடுகிறது என்பது அந்த அளவில் வராது.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையையும் பார்த்தோம். 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. அது ஏறக்குறைய 2,15,000 சதுர அடி. இருநூறு வீட்டை அதற்குள்ளேயே முடித்துவிடலாம். அதைத் தாண்டிப் பெரிதாகக் கட்டினாலும் குடியிருப்புத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு தொழிற்சாலைக்கோ சுரங்கத்துக்கோ கலெக்டர் முன்னிலையில் மைக் பிடித்துப் பேச ஊராருக்கு வழியிருக்கிறது. தினமும் அந்தத் தெருவில் பிள்ளையைக் கூட்டிப் போகிறவளுக்கு இந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல ஓர் இடம் இல்லை. நமக்கு மிச்சம் இருப்பது கிராம சபைதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு கிராம சபை. தெருவிளக்கு, நூறு நாள் வேலைச் சம்பளம் என்று நேரம் போயிற்று. கடைசியில் ஐயா எழுந்து கணக்கை வாசித்தார். “கட்டடத்துக்கும் பஞ்சாயத்துக்கும் என்னய்யா சம்பந்தம், அனுமதி மேல தர்றாங்க” என்றார் ஒருவர். ஓர் அக்கா சட்டென்று எழுந்தாள். “மேல தர்ற அனுமதிக்கு வண்டி எங்க வாசல்லதானே வருது?”

அதன் பிறகு யாரும் குறுக்கே பேசவில்லை. மூன்று கோரிக்கைகள் தீர்மானமாகப் பதிவாயின. ஒன்று, அனுமதி தருமுன் ஷிப்ட் மாறும் நேரத்தில் முனையில் வண்டி எண்ண வேண்டும். அந்தக் கணக்கை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். இரண்டு, மனைக்குப் பின்பக்கம் சிப்காட் சாலையோடு சேர இன்னொரு வழி விட வேண்டும். மூன்று, முனையை அகலப்படுத்தி, நடந்து கடக்க இடம் செய்யும்வரை கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று தரக்கூடாது. அந்தச் சான்று இல்லாமல் பெரிய குடியிருப்புக்கு மின் இணைப்பு கிடைக்காது என்பதால் மூன்றாவதில்தான் பிடி இருக்கிறது என்கிறார் ஐயா.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாளை காஞ்சிபுரத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். தீர்மான நகலோடு கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மனு, நகர் ஊரமைப்புத் துறைக்கு ஒன்று, நெடுஞ்சாலை ஆணையத்துக்கு ஒன்று எழுதினோம். ஏரிக்கரையில் வீடு வாங்கப் போகிறவர்களும் இதே முனையில்தான் நிற்கப்போகிறார்கள் என்று தம்பி சேர்க்கச் சொன்னான், சேர்த்தேன். அவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.